கடை நிறைந்திருக்கிறது, கால் வைக்க இடமில்லை

கேள்வி: கிழக்குக் கடற்கரைச் சாலையில், தொண்டிக்குத் தெற்கே எங்கள் பர்னிச்சர் கடை இருக்கிறது. அத்தா (அப்பா) தொடங்கி 22 ஆண்டுகள் ஆகின்றன. போன வருடத்திலிருந்து கணக்கும் கொள்முதலும் என் பொறுப்பு. கடை மேற்குப் பார்த்தது. 18 அடி அகலம், 45 அடி நீளம், மாத வாடகை 16,200 ரூபாய். பின்பக்கம் ஒரு ஷட்டர். திறந்தால் கடல் காற்று. உள்ளே 14 பீரோ, சுவரில் சாத்திய 11 கட்டில், 4 சோபா செட், 3 சாப்பாட்டு மேசை, இருநூறு பிளாஸ்டிக் நாற்காலி. பார்ட்டிகிள் போர்டு அலமாரிகளில் மூன்று, அடிப்பகுதி உப்பிவிட்டன. வருகிறவர்கள் வாசலிலேயே நின்று விலை கேட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். கட்டில் மாதத்துக்கு மூன்று போகிறது. சோபா இரண்டு மாதத்துக்கு ஒரு செட். சரக்கைக் குறைக்கலாம் என்றால் அத்தா ஒப்புக்கொள்வதில்லை. "கடை நிறைந்து கிடந்தால்தான் மதிப்பு. காலியாகக் கிடந்தால் மூடப்போகிறான் என்பார்கள்" என்கிறார். முகப்புக்குக் கண்ணாடியும் மேலே பால்ஸ் சீலிங்கும் போட்டால் நிலைமை மாறுமா? மூன்று லட்சம் ஆகும் என்கிறார்கள். வீட்டுக்குப் பின்னால் பழைய கிட்டங்கி (சரக்குக் கிடங்கு) ஒன்று சும்மா கிடக்கிறது. எதை எங்கே வைப்பது?
— தொண்டி அருகிலிருந்து ஒரு வாசகி

அன்புச் சகோதரிக்கு,

கண்ணாடியையும் பால்ஸ் சீலிங்கையும் மறந்துவிடுங்கள். மேற்குப் பார்த்த முகப்பில் கண்ணாடி போட்டால் பிற்பகல் மூன்று மணிக்கு மேல் கடைக்குள் இட்லி அவிக்கலாம். காலையில் துடைத்த கண்ணாடி மறுநாள் உப்புப் பூத்து மங்கலாக நிற்கும். அதைத் துடைக்கவே ஓர் ஆள் வேண்டும். பால்ஸ் சீலிங்குக்குப் போடுகிற ஜிப்சம் பலகைக்கும் ஈரக்காற்றுக்கும் என்றைக்கும் ஆகாது. போதாக்குறைக்கு, உங்களிடம் தாராளமாக இருப்பது சுவரின் உயரம் ஒன்றுதான். அதையும் பணம் கொடுத்து மறைப்பானேன்? அந்த மூன்று லட்சத்தில் ஐந்தில் ஒரு பங்குகூடச் செலவில்லாமல் இந்தக் கடையைச் சரிசெய்யலாம்.

அடுத்து அத்தா. அவர் சொல்வதை நான் ஒரு காலத்தில் கேலி செய்திருக்கிறேன். அதற்கு அபராதமும் கட்டியிருக்கிறேன். கடைகளை அமைத்துக் கொடுக்கும் தொழிலுக்கு வந்த புதிதில், பெருநகரக் கடைகளைப் பார்த்த மயக்கத்தில், ஒரு சிற்றூர்க் கடையைப் பாதியாகக் காலி செய்து ஐந்தே ஐந்து சோபாக்களை அழகாகப் பரப்பி வைத்தேன். எனக்குக் கண்கொள்ளாக் காட்சி. ஊர்க்காரர்களுக்கோ அது நொடித்துப்போன கடை. இரண்டே வாரத்தில், அட்வான்ஸ் கொடுத்தவர்கள் அதைத் திருப்பிக் கேட்டு வரத் தொடங்கினார்கள். கடைக்காரர் என்னைத் திட்டவில்லை. ஒரு நாள் தேநீர் வாங்கிக் கொடுத்து, "சார், பழையபடி அடைத்துவிடட்டுமா?" என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால்கூட இவ்வளவு நாள் நினைவில் இருந்திருக்காது.

ஆகவே சாலையிலிருந்து பார்க்கிற கண்ணுக்குக் கடை நிறைந்துதான் தெரிய வேண்டும். அதில் அத்தா பக்கம் நான். ஆனால் கண்ணுக்கு நிறைவாக இருக்க வேண்டிய இடம் சுவர். காலுக்குக் காலியாக இருக்க வேண்டிய இடம் தரை. உங்கள் கடையில் இது தலைகீழாக இருக்கிறது. தரை முழுக்கச் சரக்கு, எட்டடிக்கு மேல் சுவர் வெறும் சுண்ணாம்பு. மக்கள் வாசலில் நின்று விலை கேட்பது கஞ்சத்தனத்தால் இல்லை. உள்ளே போனால் எதையாவது இடித்துவிடுவோம், பின்னால் வருகிறவர் நம்மை உரசுவார், கைப்பிள்ளை எதையாவது தள்ளிவிடும் என்ற தயக்கம். குனிந்து மெத்தையைத் தொட்டுப் பார்க்கும்போது பின்னால் ஒருவர் நெருக்கிக்கொண்டு கடந்தால், பெண்கள் அந்தப் பொருளை விட்டே நகர்ந்துவிடுவார்கள். இதை எத்தனையோ கடைகளில் ஓரமாக நின்று பார்த்திருக்கிறேன்.

இனி ஒரு கணக்கு. நீங்கள் கணக்குப் பார்க்கிறவர் என்பதால் இது அத்தாவைவிட உங்களுக்கு எளிதில் புரியும். 18க்கு 45 என்றால் 810 சதுர அடி. வாடகை 16,200. ஆக, சதுர அடிக்கு மாதம் 20 ரூபாய். மூன்று பேர் சோபா ஒன்றும் ஒற்றை சோபா இரண்டும் சேர்ந்த செட், தன்னளவில் 40 சதுர அடி பிடிக்கும். சுற்றி நடக்கும் இடத்தில் அதன் பங்கையும் சேர்த்தால் 75. மாதம் 1,500 ரூபாய் வாடகையை ஒரு செட் தின்கிறது. நான்கு செட்டுக்கு 6,000. இரண்டு மாதத்துக்கு ஒன்றுதான் போகிறது என்கிறீர்கள். அப்படியானால் ஒரு சோபா விற்கும் முன் 12,000 ரூபாய் வாடகையை அந்த நான்கும் சேர்ந்து விழுங்கியிருக்கின்றன. அந்த விற்பனையில் உங்களுக்கு நின்ற லாபம் எவ்வளவு? எனக்கு எழுத வேண்டாம். அத்தாவிடம் மட்டும் சொல்லுங்கள்.

எதிர்ப்பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியைப் பாருங்கள். இருபது நாற்காலி அடுக்கிய ஓர் அடுக்கு நான்கு சதுர அடி. மாதம் 80 ரூபாய். தேநீர்க் கடை, பந்தல்காரர், வீட்டு விசேஷம் என்று வாரம் தவறாமல் கேட்டு வருகிறார்கள். பர்னிச்சர் கடை வைத்திருக்கிற பலருக்கு நாற்காலி என்றால் ஓர் ஏளனம் உண்டு; தேக்குக் கட்டிலை நடுவில் வைத்து நாற்காலியை மழையில் நனைய விடுவார்கள். வாடகைக்கு உழைக்கிற பிள்ளையை வாசலுக்கு வெளியே நிறுத்தக் கூடாது. வெயில் பட்டால் நிறம் வெளுக்கும், நாளடைவில் பிளாஸ்டிக் நொறுங்கும். சாலையோரத்தை அடைத்தால் நெடுஞ்சாலைத்துறையோடும் வழக்கு வரும். உள்ளே, இடப்பக்கத்து முதல் ஆறடிச் சுவரை நாற்காலிக்குக் கொடுங்கள்.

எதையும் நகர்த்துவதற்கு முன் காகிதத்தில் நகர்த்துங்கள். கட்டம் போட்ட தாளில் ஒரு கட்டம் அரை அடி என்று வைத்துக்கொண்டால் உங்கள் கடை 36 கட்டம் அகலம், 90 கட்டம் நீளம். வீட்டில் பழைய கல்யாணப் பத்திரிகைகள் கட்டுக்கட்டாகக் கிடக்குமே, அந்த அட்டைகளை அளவுக்கு வெட்டிப் பொருள்களாக்குங்கள். இரட்டைக் கட்டில் ஐந்தடிக்கு ஆறேகால். பீரோ மூன்றுக்கு ஒன்றரை. நீள சோபா ஏழுக்கு மூன்று. பீரோ அட்டையில் கதவு திறக்கும் ஒன்றரை அடியையும் புள்ளிக்கோடாக வரைந்துவிடுங்கள். கதவைத் திறக்க முடியாத பீரோவை யாரும் வாங்க மாட்டார்கள். உங்கள் 14இல் எத்தனையின் கதவு இப்போது முழுதாகத் திறக்கிறது என்று ஒருமுறை போய்ப் பாருங்கள்.

நான் போட்டுப் பார்த்த வரைபடத்தைச் சொல்கிறேன். உள்ளே நுழைபவர் கிழக்கே பார்த்து வருகிறார். இடக்கை வடக்குச் சுவர், வலக்கை தெற்குச் சுவர். நடுவில் நின்று குறுக்கே அளந்தால் 18 அடி இப்படிப் பிரிகிறது: வடக்குச் சுவரில் பீரோவும் அதன் பின்னால் காற்று போக அரை அடியும் சேர்த்து இரண்டு அடி, அதை ஒட்டிப் பெரிய நடைபாதை நான்கு அடி, நடுத்திட்டு ஆறு அடி, சின்னப் பாதை மூன்று அடி, தெற்குச் சுவரில் சோபா மூன்று அடி. நான்கடிப் பாதை இருந்தால் இரண்டு பேர் எதிரெதிரே உரசாமல் போகலாம், கட்டிலின் பக்கச் சட்டத்தைத் தூக்கிக்கொண்டும் வரலாம். மூன்றடிக்குக் கீழே எந்தப் பாதையையும் குறுக்காதீர்கள். சக்கர நாற்காலியில் வரும் பெரியவருக்கு அதுதான் கடைசி எல்லை.

வாசலிலிருந்து முதல் ஆறடி நீளத்துக்கு நடுவில் ஒன்றும் வேண்டாம். மேற்கு வெயிலிலிருந்து உள்ளே வருகிறவருக்குக் கண் பழகவே சில விநாடிகள் ஆகும். அந்த விநாடிகளில் அவர் முன்னால் நீங்கள் வைக்கிற எதுவும் கண்ணில் படாது, முழங்காலில்தான் படும். வலப்பக்கம் மட்டும் ஒரே ஒரு பொருள், பதினைந்து நாளுக்கு ஒருமுறை மாற்றி. ஊஞ்சலோ, தொட்டிலோ, பனை நார்க் கட்டிலோ. தேவிபட்டினம் நவபாஷாணத்துக்கும் ராமேசுவரத்துக்கும் போகிற கார்கள் உங்கள் வாசலைத் தாண்டித்தான் போகின்றன. அவர்கள் பீரோ வாங்கப்போவதில்லை. நார்க் கட்டிலைக் கண்டால் வண்டியை நிறுத்திக் கேட்பார்கள். ரொம்பவும் எதிர்பார்க்க வேண்டாம், பத்துப் பேர் கேட்டால் ஒருவர் ஏற்றிக்கொண்டு போவார்.

ஆறாவது அடியிலிருந்து முப்பதாவது அடி வரை வடக்குச் சுவரில் எட்டு பீரோக்கள் தோளோடு தோள் நிற்கட்டும். மீதி ஆறில் ஒன்று பின்கோடிக்கு, ஐந்து கிட்டங்கிக்கு. எட்டு பீரோ வரிசையாக நின்றால் அத்தாவுக்கே கடை நிறைந்ததாகத் தோன்றும். அவற்றுக்கு மேல், ஏழரை அடிக்கு மேலே, இரும்புத் தாங்கி அடித்துப் பிரம்பு ஸ்டூல், குழந்தை நாற்காலி, தொட்டில் என்று எடை குறைந்தவற்றை வரிசையாகப் பிணைத்துவிடுங்கள். சாலையிலிருந்து பார்க்கிறவருக்கு அதுதான் முதலில் தெரியும். ஒன்றை மறக்காதீர்கள்: ஒவ்வொரு பீரோவின் தலையையும் சுவரோடு திருகாணி போட்டு இழுத்துக் கட்ட வேண்டும். காலி பீரோவின் இரு கதவும் திறந்திருக்கும்போது ஒரு சிறுவன் கீழ்த்தட்டில் ஏறினால் அது முன்னால் சாயும். கடைக்குள் நடக்கக்கூடிய விபத்துகளில் நான் மிகவும் அஞ்சுவது அதைத்தான்.

நடுத்திட்டில் இடுப்புக்கு மேல் உயரமான எதையும் நிறுத்தக் கூடாது. ஒற்றைக் கட்டில் ஒன்று, சாப்பாட்டு மேசை ஒன்று, டீப்பாய்கள். மூன்று சாப்பாட்டு மேசை எதற்கு? நாற்காலிகளைச் சுற்றிலும் இழுத்துப் போட்டால் அறுபது சதுர அடியை விழுங்கும் பொருள் அது. ஒன்றை வைத்து, மற்றவற்றின் படத்தையும் அளவையும் அட்டையில் காட்டுங்கள். திட்டு தாழ்வாக இருந்தால் வாசலில் நிற்கிறவரின் பார்வை அதன் தலைக்கு மேலே போய், கடையின் பின்கோடியில் விழும். அங்கேதான் உங்கள் உண்மையான வியாபாரம்.

பின்கோடியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கடைசிப் பதினைந்து அடியில், தெற்கு மூலையில், தரையில் வெள்ளைப் பெயின்டால் பத்துக்குப் பத்து அடிச் சதுரம் ஒன்று வரையுங்கள். சுவர் வேண்டாம், கோடு போதும். கதவு இருக்க வேண்டிய இடத்தில் இரண்டரை அடிக்குக் கோட்டை விட்டுவிடுங்கள். அதற்குள் கல்யாணச் சீர் முழுவதும்: ஐந்தடிக் கட்டில், மெத்தை விரித்து, விரிப்பு போட்டு, தலையணையோடு, ஒரு பீரோ, ஒரு டிரஸ்ஸிங் டேபிள். இந்தப் பக்கத்து வீடுகளில் பெரும்பாலான படுக்கையறை பத்துக்குப் பத்துதான். பெண்ணைக் கட்டிக்கொடுக்கிறவர்கள் கடையில் ஆறடிக் கட்டிலைப் பார்த்து மயங்கி வாங்கிப் போய், அறைக்குள் போட்ட பிறகு பீரோ கதவு திறக்கவில்லை என்று திரும்பி வருவார்கள். பணம் திரும்பாது, மனக்கசப்பு மட்டும் மிஞ்சும். கோட்டுக்குள் நின்று ஒரு தாய் கட்டிலைச் சுற்றி நடந்து பார்த்துவிட்டால், அதன் பிறகு அவர் விலையைப் பற்றி மட்டும்தான் பேசுவார். சில கடைகளில் இந்தக் கோட்டை வரைந்த மறுநாளே வேலை செய்யக் கண்டிருக்கிறேன்.

மற்றக் கட்டில்கள்? வாங்குகிறவர்களுக்குக் கட்டிலுக்குக் கட்டில் வேறுபாடு தெரிவது தலைமாட்டில்தான். கால்மாடும் பக்கச் சட்டமும் ஏறக்குறைய ஒன்றே. ஆகவே நான்கு ஐந்து தலைமாட்டுப் பலகைகளை மட்டும், அந்தச் சதுரத்தை ஒட்டிய தெற்குச் சுவரில், படம் மாட்டுவதுபோல மாட்டுங்கள். மிச்சப் பாகங்கள் கழற்றிய நிலையில் கிட்டங்கியில் இருக்கட்டும். சாத்திய 11 கட்டிலில் முன்னால் நிற்பதைத் தவிர மற்ற பத்தையும் இதுவரை ஒருவரும் பார்த்ததில்லை என்பதை நீங்களே அறிவீர்கள்.

சதுரத்துக்கு வடக்கே எட்டடி மிஞ்சுகிறது. அது விற்பனைக்கான இடமில்லை. ஒரு நீள பெஞ்சு, இரண்டு நாற்காலி, ஒரு தண்ணீர்ப் பானை, தலைக்கு மேல் மின்விசிறி. சீர் வாங்க வருகிறவர்கள் இரண்டு பேராக வருவதில்லை. பெண்ணின் தாய், பெரியம்மா, மாமி, அக்கா என்று ஆறேழு பேர். சாலையில் போகிறவர்கள் பார்க்க நின்றுகொண்டு பேரம் பேசுவதை நம் பக்கத்துப் பெண்கள் விரும்ப மாட்டார்கள்; இதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உள்ளே ஒதுங்கி உட்கார்ந்து தமக்குள் மெதுவாகப் பேச ஓர் இடம் கிடைத்தால் அவர்கள் அரை மணி நேரம் இருப்பார்கள். வயதான அம்மா உட்கார்ந்துவிட்டால் பாதி முடிந்தது. அந்தப் பேச்சு நடக்கும்போது நீங்கள் பத்தடி தள்ளி வேறு வேலை பாருங்கள்.

டிரஸ்ஸிங் டேபிள் கண்ணாடி எதுவும் வாசலைப் பார்க்க வேண்டாம். பிற்பகலில் வெயிலைத் திருப்பி அடித்து வருகிறவர் கண்ணைக் கூசச் செய்யும். சோபாக்களையும் வாசலிலிருந்து பத்தடி தள்ளியே வையுங்கள், ரெக்சினும் துணியும் வெளுக்கும். இரண்டு செட் போதும். வாசலுக்கு மேல் ஒரு படுதா அவசியம். மாலையில் இறக்கி, வெயில் தாழ்ந்ததும் சுருட்டிக்கொள்ளலாம்.

விளக்கு விஷயத்தில் ஒரு சின்னச் சூழ்ச்சி உண்டு. இப்போது கடை முழுக்க வெள்ளை டியூப்லைட் என்று நினைக்கிறேன். எல்இடி பெட்டியின் மேலேயே எண் அச்சிட்டிருக்கும்: 6500 கெல்வின் என்றால் நீலம் பாய்ந்த வெள்ளை, 3000 என்றால் மஞ்சள் கலந்த ஒளி. பீரோ வரிசைக்கு வெள்ளை பொருந்தும். தேக்கு அந்த வெள்ளையில் சாம்பல் பூத்த மாதிரி இருக்கும். 3000இல்தான் அதன் நிறம் எழும். ஆகவே பின்கோடிச் சதுரத்துக்கு மட்டும் மஞ்சள் ஒளி, அதுவும் கடையிலேயே மிகப் பிரகாசமாக. வெளியே நிற்கிறவரின் கால் வெளிச்சத்தை நோக்கித்தான் நகரும். ஆனால் வாங்குகிறவர் நிறத்தைப் பற்றிக் கேட்டால் ஒரு சட்டத்தை வாசலுக்கு எடுத்துவந்து பகல் வெளிச்சத்தில் காட்டுங்கள். வீட்டுக்குப் போய் நிறம் வேறாகத் தெரிந்தால் பழி உங்களுக்கு.

இனி உப்பு. உங்கள் கடைக்கு முன்னால் வெயில், பின்னால் கடல். கொண்டல் (கீழைக்காற்று) வீசும் நாளில் பின் ஷட்டரைத் திறந்து வைத்தால் காற்றோடு உப்பும் உள்ளே வருகிறது. ஒரு பீரோவின் தலையில் விரலால் கோடு இழுத்துப் பாருங்கள். தூசி உதிராமல் பிசுபிசுவென்று ஒட்டினால் அது உப்பு. உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துத் தன்னோடு வைத்துக்கொள்ளும். அந்த ஈரத்தில்தான் துரு பிறக்கிறது. பெயின்ட் நன்றாக இருக்கும் இடத்தில் ஒன்றும் ஆகாது. கீல், பூட்டுத் துளை, தரையில் இழுத்ததில் கீறல் விழுந்த கால், இந்த மூன்று இடத்திலும் முதலில் பிடிக்கும். வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் பிழிந்த துணியால் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். பீரோவை இழுக்காதீர்கள், இரண்டு பேர் தூக்குங்கள். பின் ஷட்டரின் அடியில் ரப்பர் பட்டை ஒட்டுங்கள். காற்றோட்டத்துக்கு ஷட்டரை நம்பாமல், மேலே ஒரு எக்ஸாஸ்ட் விசிறி வைத்துக்கொள்ளுங்கள். பின் சுவரை ஒட்டி இரும்புச் சாமான் எதுவும் வேண்டாம்.

உப்பிப்போன அந்த மூன்று அலமாரிகளுக்குக் கடல் முழுப் பொறுப்பில்லை. காலையில் தரை துடைக்கிற வாளியையும் சந்தேகப்படுங்கள். பார்ட்டிகிள் போர்டு என்பது மரத்தூளையும் சிறு துகள்களையும் பசையால் அழுத்திச் செய்த பலகை. மேலே ஒட்டிய தாள் தண்ணீரைத் தடுக்கும். வெட்டிய விளிம்பு தடுக்காது. அடிவிளிம்பு ஒருமுறை தண்ணீரைக் குடித்து உப்பிவிட்டால் எவ்வளவு காயவைத்தாலும் பழைய அளவுக்குத் திரும்பாது. இரண்டு அங்குல உயரப் பலகைச் சட்டத்தின் மேல் நிறுத்துங்கள், அதன் அருகில் ஈரத் துடைப்பான் போகக் கூடாது. என் சொந்த அபிப்பிராயம், இந்தக் கடற்கரையில் அந்தச் சரக்கையே குறைத்துக்கொள்வது நல்லது. விலை மலிவு என்று கேட்டு வருகிறவரிடம் தண்ணீர் படக் கூடாது என்பதை விற்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். பூவரசிலும் வேம்பிலும் நம் தச்சர்கள் செய்கிற கட்டிலுக்கு, தேக்கு வாங்க முடியாதவர்களிடம் இன்னும் மதிப்பு இருக்கிறது. தலைமாட்டு வரிசையில் அதற்கும் ஓரிடம் கொடுங்கள்.

பெரிய கடைகள் ஆண்டு முழுவதும் ஒரே அமைப்பில் இருக்கலாம். உங்கள் கடை அப்படி இருக்க முடியாது, ஏனென்றால் உங்கள் ஊருக்கு மூன்று நாட்காட்டி. ஆடியிலும் மார்கழியிலும் இந்துக் கல்யாணம் இல்லை. தவக்காலத்தில் தேவாலயத்தில் கல்யாணம் அரிது. நோன்பு மாதத்தில் உங்கள் தெருவில் கல்யாணப் பேச்சே இருக்காது. பெருநாள் கழிந்ததும் வரிசையாக நிக்காஹ். அந்த நோன்பு மாதமோ ஆண்டுக்கு ஏறக்குறைய 11 நாள் முன்னால் நகர்ந்துகொண்டே இருக்கும், போன வருடக் குறிப்பை வைத்து இந்த வருடம் கொள்முதல் செய்ய முடியாது. இவற்றுக்கு மேல் கடலின் நாட்காட்டி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்கும். அந்தக் குடும்பங்களிடம் கையில் பணம் புரளாது. அந்த இரண்டு மாதமும் பின்கோடிச் சீரைக் கலைக்க வேண்டாம், ஆனால் முன்பாதிக்கு நாற்காலி, ஸ்டூல், இரும்பு அலமாரித் தட்டு, நார்க் கட்டில் போன்ற சிறு விலைச் சரக்கைக் கொண்டுவாருங்கள். அதே கோடை விடுமுறையில்தான் வளைகுடாவிலிருந்து பலர் விடுப்பில் வருகிறார்கள், புது வீடு குடிபுகுகிறவர்களும் உண்டு. சோபாவுக்கும் சாப்பாட்டு மேசைக்கும் அவர்கள்தான் வாடிக்கையாளர்கள். ஜூன் பாதிக்குப் பிறகு படகுகள் இறங்கி, மீன்பாடு நன்றாக இருந்தால், மீனவர் வீடுகளிலிருந்து பீரோவுக்கு ஆள் வரும். ஒரு பெரிய தாளில் இந்த நான்கையும் ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதிக் கல்லாவுக்குப் பின்னால் ஒட்டிவையுங்கள்.

கல்லா என்றதும் கடைசிச் சிக்கலுக்கு வருகிறேன். அத்தா வாசலிலேயே உட்காருகிறார் என்பது உங்கள் கடிதத்தில் இல்லை. ஆனால் மக்கள் வாசலில் நின்று விலை கேட்டுவிட்டுப் போகிறார்கள் என்றால், விலை சொல்கிறவர் வாசலில்தான் இருக்க வேண்டும். பொருளைப் பார்ப்பதற்கு முன் விலை காதில் விழுந்தால் எந்த விலையும் அதிகம்தான். மேசையைத் தெற்குச் சுவரில், வாசலிலிருந்து பதினான்கு பதினைந்து அடி உள்ளே, வடக்குப் பார்க்கப் போடுங்கள். இடக்கைப் பக்கம் வாசலும், வலக்கைப் பக்கம் பின்கோடியும் அவர் கண்ணுக்குள் இருக்கும். விலை கேட்டு வருகிறவர் அவரிடம் வந்து சேர்வதற்குள் நாற்காலியையும் மூன்று பீரோக்களையும் ஒரு சோபாவையும் கடந்திருப்பார்.

அவர் உடனே சம்மதிப்பார் என்று நான் நினைக்கவில்லை. 22 ஆண்டுகளாகத் தெருவில் போகிறவர்களின் சலாமுக்குப் பதில் சொல்லி உட்கார்ந்திருக்கிற மனிதர். கடைக்குக் கடன் கொடுக்கிறவர்களும் கடனில் வாங்குகிறவர்களும் அந்த முகத்தை நம்பித்தான் வருகிறார்கள். அதைக் கெடுக்காதீர்கள். வாசலுக்கு வெளியே, படுதா நிழலில் ஒரு பழைய பெஞ்சைப் போட்டு, அசர் தொழுகைக்குப் பிறகு மாலை முழுவதும் அவர் அங்கே இருக்கட்டும். அவருடைய நண்பர்கள் இப்போது விற்பனைக்கு வைத்த சோபாவில் உட்கார்ந்துதானே தினசரி படிக்கிறார்கள்? எல்லாக் கடையிலும் அப்படித்தான். அவர்களும் அந்த பெஞ்சுக்கு வந்துவிடுவார்கள், சோபா பிழைக்கும். வாசலில் நாலு பேர் உட்கார்ந்திருக்கிற கடையை மூடப்போகிற கடை என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

விலைச்சீட்டு பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் ஒரு வார்த்தை. நாற்காலிக்கும் ஸ்டூலுக்கும் விலை எழுதி ஒட்டுங்கள். மற்றவற்றுக்கு மரம், அளவு, சீரில் என்னென்ன அடங்கும் என்று மட்டும் எழுதினால் போதும். பேரத்தை அத்தாவிடம் விட்டுவிடுங்கள், அது அவருடைய கலை. மேசையில் ஓர் அளவு நாடா எப்போதும் இருக்கட்டும். "வீட்டு வாசக்கால் எத்தனை அடி?" என்று நீங்களே கேளுங்கள். ஏழடி சோபா குறுகிய நடையில் திரும்பாது, அதைத் திருப்பி ஏற்றிக்கொண்டு வருகிற வண்டி வாடகை யார் தலையில் விழும் என்பது உங்களுக்குத் தெரியும்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் பிடித்துக்கொள்ளும். அதற்கு முன் கிட்டங்கியின் கூரையையும் கரையான் புற்றையும் பாருங்கள். அங்கே போகிற கட்டில் பாகங்கள் செங்கல்லின் மேல் பலகை போட்டு, சுவரைத் தொடாமல் நிற்க வேண்டும். கிட்டங்கி தயாரான பிறகுதான் கடையில் கை வையுங்கள், அதுவும் பின்கோடியிலிருந்து தொடங்கி வாசலை நோக்கி. வாசலிலிருந்து தொடங்கினால் முதல் நாளே கடை காலியாகத் தெரியும், அத்தா எல்லாவற்றையும் திருப்பி அடுக்கச் சொல்லிவிடுவார்.